எட்டுத் துளை வயர் உரிக்கும் மெஷின்: கிலோவை விடுங்கள், மீட்டரைப் பாருங்கள்

ஆங்கிள் ஸ்டாண்டு, அதன்மேல் இரும்புப் பெட்டி, முன்பக்கம் எட்டு மூக்குத் துளைகள், ஒவ்வொரு துளையின் தலையிலும் ஒரு திருகு, கீழே ஒரு ஹெச்பி சிங்கிள் பேஸ் மோட்டார். காயலான் கடைகளிலும் காப்பர் ஸ்கிராப் ஷெட்டுகளிலும் ஓடுகிற மெஷின்களில் பெரும்பாலானவை இந்த ஜாடைதான். ஸ்டிக்கர் மட்டும் விற்பவருக்கு விற்பவர் மாறும், உள்ளே இருக்கும் சரக்கு ஏறக்குறைய ஒன்றே. அதனால் இந்த விமர்சனத்தைத் தனி ஒரு கம்பெனிக்கு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், இந்த ரகத்துக்கே பொருந்தும்.

முதலிலேயே சொல்லிவிடலாம். வீடு இடிப்பில் வரும் பழைய வயரிங், பேனல் வயர், போர்வெல் மோட்டாரின் தட்டை கேபிள், 4 சதுர மி.மீ.க்கு மேற்பட்ட எந்த காப்பர் கேபிளுக்கும் இது நல்ல மெஷின். மிக்ஸி, அயர்ன் பாக்ஸ், சார்ஜர் வயர்களை உரிக்கலாம் என்று நினைத்து வாங்கினால் ஏமாற்றம்தான்.

வேலை செய்யும் விதம் எளிது. மேல் தண்டில் வட்ட பிளேடு, கீழ்த் தண்டில் பள்ளம் வெட்டிய சொரசொரப்பான ரோலர். ரோலர் வயரைக் கவ்வி இழுக்க, பிளேடு தோலை நீளவாக்கில் கீறும். பின்பக்கம் வரும்போது தோல் பிளந்து தானே விழும், அல்லது விரலால் பிரிக்க வேண்டியிருக்கும். தலையில் இருக்கும் திருகை இறுக்கினால் பிளேடு கீழே இறங்கும்.

இந்த ரகத்தின் அடிப்படைக் குறையும் அந்தத் திருகில்தான் இருக்கிறது. பிடிமானம், வெட்டு ஆழம் இரண்டையும் ஒரே திருகுதான் பார்த்துக்கொள்கிறது. வயர் வழுக்குகிறதே என்று இறுக்கினால் பிளேடு செம்பில் ஏறிவிடும். செம்பில் கோடு விழுகிறதே என்று தளர்த்தினால் வயர் நின்ற இடத்திலேயே வழுக்கும். கவ்வுகிற ரோலருக்குத் தனி ஸ்பிரிங், பிளேடுக்குத் தனி திருகு என்று பிரித்துச் செய்த மெஷின்களும் கிடைக்கின்றன. கொஞ்சம் கூடுதலாகக் கேட்டாலும் அதையே வாங்குங்கள். எட்டுத் துளை, பத்துத் துளை என்ற எண்ணிக்கையைவிட இது முக்கியம்.

விற்பவர் "ஒன்றரை முதல் 25 வரை எல்லாம் உரிக்கும்" என்பார். அவர் சொல்வது வயரின் வெளிவிட்டம், மில்லிமீட்டரில். எலக்ட்ரீசியன் "ஒன்றரை வயர்" என்றால் அது செம்பின் பரப்பு, சதுர மில்லிமீட்டரில். இரண்டையும் ஒன்று என்று எண்ணி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். ஒன்றரை வயரைத் தோலோடு அளந்தால் சுமார் 3 மி.மீ. வரும், இரண்டரை வயர் 3.6, நாலு வயர் 4.2. பழைய வீடுகளில் வரும் 3/20, 7/20 (20 கேஜ் கம்பி மூன்று, ஏழு சேர்த்து முறுக்கியது) வகைகளும் கிட்டத்தட்ட இந்த வரிசைக்குள் அடங்கும். ஆக, எட்டுத் துளை இருந்தாலும் அன்றாடப் பாடு 3 முதல் 5 மி.மீ. வரையுள்ள இரண்டு மூன்று துளைகளுக்குத்தான். அந்தத் துளைகளின் பிளேடு முதலில் மழுங்கும், ரோலர் முதலில் தேயும். எல்லா பிளேடும் ஒரே அளவா, சும்மா இருக்கும் பெரிய துளையின் பிளேடைக் கழற்றி இங்கே மாட்ட முடியுமா என்று வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

டெமோவில் ஓடுவது எப்போதும் நேராக இருக்கும் புது வயர். புது வயரை யார் உரிக்கப் போகிறார்கள்? கையோடு மூன்று மாதிரி எடுத்துப் போங்கள்: சுவருக்குள்ளிருந்து பிடுங்கிய, சிமென்ட் ஒட்டிய 7/20 ஐந்து மீட்டர், வளைந்து நெளிந்த ஒன்றரை வயர் ஐந்து மீட்டர், போர்வெல் தட்டை கேபிள் இரண்டு மீட்டர். இந்த மூன்றும் ஒழுங்காக வெளியே வந்தால் பேரம் பேசத் தொடங்கலாம்.

பிளேடு வைக்கும் முறைக்கு வருவோம். வயரை நேராக்கி, அரை மீட்டர் துண்டு வெட்டிக்கொள்ளுங்கள். வயர் துளைக்குள் தாராளமாகப் போக வேண்டும், ஆனால் உள்ளே புரள இடம் இருக்கக் கூடாது. திருகைத் தளர்த்திவிட்டு மெஷினை ஓட விட்டு, ரோலர் கவ்வும் வரை இறுக்கி, அதன்பின் ஒவ்வொரு துண்டுக்கும் கால் சுற்று மட்டும் ஏற்றுங்கள். வெளியே வந்த தோலின் உட்பக்கத்தைப் பாருங்கள். சரியான ஆழத்தில் வெட்டு முழுதாகப் போயிருக்காது, அடியில் வெங்காயத் தோல் கனத்துக்கு ஒரு மெல்லிய படலம் மிச்சமிருக்கும். வயரை வளைத்தால் அந்தப் படலம் தானே கிழிந்து வாய் திறக்கும். அடுத்து செம்பின் மேல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் ஒரு பள்ளத்தில் மாட்டினாலோ, தோலின் உள்ளே சிவப்புத் துகள் மின்னினாலோ கால் சுற்று பின்னால் போக வேண்டும். அந்தத் துகள் தோல் மூட்டையோடு காசில்லாமல் போகிற செம்பு. செம்பில் உரசுகிற பிளேடு சீக்கிரம் மழுங்கவும் செய்யும். திருகை நகராமல் பூட்டும் லாக் நட்டை இறுக்க மறந்தால் பத்து நிமிட அதிர்வில் இந்தப் பாடெல்லாம் வீண்.

பிவிசி தோலுக்குத்தான் இந்தப் படலக் கணக்கு. எக்ஸ்எல்பிஇ (குறுக்குப் பிணைப்புள்ள பாலித்தீன்) தோல் விறைப்பானது, இழுத்தால் சுலபமாகக் கிழியாது, அதற்குச் செம்பைத் தொடும் அளவுக்கு வெட்டு இறங்க வேண்டும். மிகப் பழைய ரப்பர் வயரில் தோல் பாதி பொடியாகும், பாதி ஒட்டிக்கொள்ளும். அதற்குள் இருக்கும் கம்பி வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். ரப்பரில் இருக்கும் கந்தகம் செம்பை அரிக்காமல் இருக்க வெள்ளீயம் பூசுவார்கள். அரத்தால் ஒரு இழு இழுத்தால் உள்ளே சிவப்பு தெரியும். செம்பு விலைக்குக் கொஞ்சம் குறைவாகப் போகும் என்பதால் தனியாகக் கட்டி வையுங்கள்.

இப்போது கணக்கு. மெஷினுக்குக் கிலோ தெரியாது, மீட்டர்தான் தெரியும். ரோலர் நிமிடத்துக்கு 20 மீட்டர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டரை வயர் ஒரு மீட்டரில் செம்பு 22.4 கிராம், தோலோடு 33 கிராம் அளவில் வரும். நூறு கிலோ வயர் என்பது சுமார் 3,000 மீட்டர், நிற்காமல் ஓடினால் இரண்டரை மணி நேரம், தேறும் செம்பு 68 கிலோவை ஒட்டி. பத்து சதுர மி.மீ. வயரில் அதே நூறு கிலோ 900 மீட்டருக்குள் முடிந்துவிடும், முக்கால் மணி நேரம் போதும், செம்பும் 78 கிலோவை ஒட்டி வரும். மாறாக, ஒரு சதுர மி.மீ. வயரில் நூறு கிலோவுக்கு 6,500 மீட்டர் ஓட்டி 58 கிலோ எடுக்க வேண்டும். இவையெல்லாம் மெஷின் ஓடும் நேரம் மட்டும். சிக்கெடுப்பது, நிமிர்த்துவது, நுனியை நுழைப்பது, தோலைப் பிரிப்பது எல்லாம் சேர்த்து இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

மூன்று கோர் (ஒரே வெளித்தோலுக்குள் தனித்தனித் தோலோடு மூன்று கம்பி) ஃப்ளெக்ஸிபிள் வயருக்கு இந்தக் கணக்கு தலைகீழாகும். 0.75 சதுர மி.மீ. மூன்று கோர் வயரில் எடையில் சுமார் 30 சதவீதம்தான் செம்பு. நூறு கிலோவில் ஏறக்குறைய 1,500 மீட்டர். வெளித்தோலை ஒருமுறை, பிறகு மூன்று கோரையும் தனித்தனியாக என்றால் மொத்தம் 6,000 மீட்டர் ஓட்டம். உள்ளே இருப்பது 0.2 மி.மீ. இழைகள், கோருக்கு 24. பிளேடு கொஞ்சம் அசைந்தாலும் இழைகள் அறுந்து பஞ்சாகிவிடும். உதாரணத்துக்கு, உரித்த செம்பு கிலோ 800 ரூபாய், இந்த வயர் தோலோடு 235 ரூபாய் என்று வைத்துப் பாருங்கள். நூறு கிலோ உரித்தால் செம்பு 24,000, தோலுக்கு ஓர் ஆயிரம். தோலோடு கொடுத்தாலே 23,500. மிச்சம் 1,500 ரூபாய். இரண்டு ஆள் கூலிக்கே அது பற்றாது. இந்த ரகத்தைத் தோலோடு கட்டித் தள்ளிவிடுவதே கெட்டிக்காரத்தனம். தூளாக்கிக் காற்றில் பிரிக்கும் கிரானுலேட்டர் வைத்திருப்பவர்களுக்குத்தான் அது கட்டுப்படியாகும்.

அதனால் லாட்டை விலை பேசுவதற்கு முன்பே மாதிரி எடுத்து விடுங்கள். ஒவ்வொரு ரகத்திலும் ஒரு மீட்டர் வெட்டி, கிராம் தராசில் தோலோடு ஒருமுறை, கத்தியால் உரித்து ஒருமுறை எடை போட்டால் எவ்வளவு தேறும் என்பது கையில் வந்துவிடும். ஒரே லாட்டில் நாலைந்து இடங்களில் வெட்டுங்கள். மூட்டையின் மேல் 4 சதுர மி.மீ. வயர், அடியில் ஃப்ளெக்ஸிபிள் என்று கட்டிக் கொண்டுவருவது பழைய வித்தை.

கரண்ட் செலவைப் பற்றிக் கவலை வேண்டாம். ஒரு ஹெச்பி என்பது 746 வாட், எட்டு மணி நேரம் ஓடினாலும் ஆறேழு யூனிட்டுதான். கவலைப்பட வேண்டியது வோல்டேஜைப் பற்றி. மாலை நேரத்தில் லோ வோல்டேஜ் இருக்கும் ஊர்களில் வயர் சிக்கி மோட்டார் நின்று முனகினால் வைண்டிங் கருகிப்போகும். மோட்டாருக்கு ஓவர்லோட் ரிலே (சுமை மீறினால் தானே கரண்டை நிறுத்துவது) உள்ள ஸ்டார்ட்டர் கேளுங்கள், வெறும் ஆன்-ஆஃப் சுவிட்ச் போதாது.

தமிழ்நாட்டில் இந்த மெஷினுக்கு நல்ல தீனி போர்வெல் சப்மெர்சிபிள் கேபிள். மூன்று கோர் பக்கத்தில் பக்கமாகப் படுத்திருக்கும், மேலே ஒரு பிவிசி போர்வை. இதற்கென்று மெஷினில் தட்டைத் துளை ஒன்று உண்டு. பிளேடு இரண்டு கோர்களுக்கு நடுவே உள்ள பள்ளத்தில் இறங்க வேண்டும். கோரின் முதுகில் இறங்கினால் போர்வையோடு உள்தோலும் கிழிந்துவிடும், கிழிந்த கோர் அடுத்த ஓட்டத்தில் ரோலரில் சுற்றிக்கொள்ளும். பல மெஷின்களில் தட்டைத் துளையின் அகலம் கேபிளைவிட அதிகமாக இருப்பதால் கேபிள் பக்கவாட்டில் அலையும். ஓரத்தில் இரும்புப் பட்டைத் துண்டு ஒன்றைப் போல்ட்டு போட்டு இடைவெளியைக் குறைத்தால் தீர்ந்தது. இதை விற்பவரே செய்து கொடுத்திருக்க வேண்டும், செய்வதில்லை. கேபிளை உரிக்குமுன் கழுவிக் காய வையுங்கள், போர் மண்ணும் துருவும் பிளேடின் விளிம்பைத் தின்றுவிடும். சுவருக்குள்ளிருந்து வரும் வயரில் ஒட்டிய சிமென்டுக்கும் இதே கதிதான். சாக்குத் துணியால் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தாலே முக்கால்வாசி உதிர்ந்துவிடும்.

போர்வெல் மோட்டாருக்குள் இருக்கும் வைண்டிங் வயர் இந்த மெஷினுக்கு ஆகாது. எனாமல் பூச்சோ, பாலி சுற்றோ, எதுவானாலும் பிளேடு பிடிக்கிற கனம் அதில் இல்லை. டெலிபோன் ஜெல்லி கேபிளும் அப்படித்தான். அரை மில்லிமீட்டர் கம்பி நூற்றுக்கணக்கில் இருக்கும், நடுவில் முழுக்க ஜெல்லி. ஒரு முறை விட்டால் ரோலர் பற்களில் ஜெல்லி ஏறி அன்றைக்கு முழுதும் எந்த வயரையும் கவ்வாது. ஆர்மர்டு கேபிளில் மேல் இரும்புக் கம்பியை முதலில் பிரித்தெடுக்காமல் நுழைத்தால் பிளேடு பல் விழும். கோஆக்சியல் வயரின் நடுக்கம்பி பெரும்பாலும் செம்பு பூசிய இரும்பு, காந்தத்தில் ஒட்டும். மட்டமான நெட்வொர்க் வயர், ஸ்பீக்கர் வயர்களில் செம்பு பூசிய அலுமினியம் வரும். காந்தம் இதைக் காட்டாது, கம்பியை நறுக்கி வெட்டுமுகத்தில் வெள்ளை தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். நல்ல செம்பு மூட்டையில் இது கலந்து போனால் மொத்த லாட்டுக்கும் விலை இறங்கும்.

ஓட்டத்தில் அடிக்கடி வரும் தொல்லைகள் மூன்று. கீறல் வயரைச் சுற்றிக் கொடி மாதிரி போவது முதலாவது. வயர் சுருள் நினைவை விடவில்லை, அல்லது துளை பெரியது. வயர் நுழையும் முன் மூன்று சின்ன உருளைகளுக்கு இடையே வளைத்து விட்டால் நிமிர்ந்துவிடும், லேத் பட்டறையில் சொன்னால் செய்து தருவார்கள். கீறல் நேராகப் போயும் நடுவில் இல்லாமல் ஓரமாக விழுந்தால், அது வயரின் குற்றமில்லை. தண்டைத் தாங்கும் உலோக வளையமான புஷ் தேய்ந்து பிளேடு ரோலரின் மையத்தை விட்டு நகர்ந்திருக்கிறது. அடுத்தது வழுக்கல். ரோலர் பற்களில் பிவிசி மாவு அடைந்திருக்கும். மெயினை அணைத்துவிட்டு வயர் பிரஷ்ஷால் தேய்த்தால் சரியாகும், அதற்குத் திருகை இறுக்குவது தப்பு.

மூன்றாவதுதான் தலைவலி. பிரிந்த தோலோ அறுந்த இழையோ ரோலரில் சுற்றி, வயர் வெளியே வராமல் உள்ளேயே பந்தாகிவிடும். ரிவர்ஸ் சுவிட்ச் இருந்தால் பத்து விநாடி வேலை. இல்லையென்றால் மேல்மூடியைக் கழற்றி, பிளேடைத் தூக்கி, கத்தியால் வெட்டி எடுக்க வேண்டும், அரை மணி நேரம் போய்விடும். ரிவர்ஸ் இல்லாத மெஷினை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம் என்றே சொல்வோம். ஒன்று மட்டும் கவனம்: மோட்டார் முழுதாக நின்ற பிறகே ரிவர்ஸுக்குத் தள்ள வேண்டும். ஓட்டத்தில் தள்ளினால் சிங்கிள் பேஸ் மோட்டார் பழைய திசையிலேயே ஓடிக்கொண்டிருக்கும்.

வாங்குமுன் மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். தண்டைக் கையால் பிடித்து மேலும் கீழும் ஆட்டினால் துளிகூட ஆட்டம் இருக்கக் கூடாது. புஷ்ஷுக்குப் பதில் பால் பேரிங் போட்டதாக இருந்தால் நல்லது, வெளிக்கடையில் எந்த எண் பேரிங் கேட்டாலும் கிடைக்கும். மோட்டாரிலிருந்து கியர்பாக்ஸுக்கு பெல்ட் இருப்பதே மேல். வயர் சிக்கினால் பெல்ட் வழுக்கிக் கியரைக் காப்பாற்றும், நேரடியாகச் செயின் போட்டதில் ஏதாவது ஒன்று உடையும். கியர்பாக்ஸில் ஆயில் இருக்கிறதா என்று கண்ணாடி வழியாகவோ பிளக்கைக் கழற்றியோ பாருங்கள். லாரியில் சாய்ந்து வந்ததில் ஆயில் கசிந்து, வறண்ட கியரோடு ஓடத் தொடங்கும் மெஷின்கள் உண்டு. உபரி பிளேடு செட் ஒன்றை விலைக்குள்ளேயே கேட்டு வாங்குங்கள்.

பிளேடு மழுங்கியதை வயர் சொல்லும்: தோல் வெட்டுப்படாமல் நசுங்கி, ஓரம் பிசிறாக வரும். சாணை பிடிக்கும்போது மெதுவாக, தண்ணீரில் தோய்த்துத் தோய்த்துப் பிடிக்கச் சொல்லுங்கள். விளிம்பு நீலம் பாரித்தால் கார்பன் ஸ்டீல் பிளேடின் பதம் போய்விட்டது என்று அர்த்தம், அடுத்த இரண்டு நாளில் மறுபடி மழுங்கும். ஹெச்எஸ்எஸ் (ஹை ஸ்பீட் ஸ்டீல்) பிளேடு சூட்டைத் தாங்கும். இரண்டு பக்கமும் ஒரே அளவு பிடிக்காவிட்டால் கீறல் ஓரம் சாயும்.

பாதுகாப்பில் விற்பவர்கள் சொல்லாத ஒன்று கையுறை. உரித்த வயரை அள்ளும்போது தோல் கையுறை அவசியம், இழை நுனிகள் விரலில் ஏறும். ஆனால் நுழைக்கும் பக்கத்தில் தொளதொள நூல் கையுறை ஆபத்து, ரோலர் நூலைக் கவ்வினால் விரலும் கூடவே போகும். ஒரு சாணுக்குக் குறைந்த துண்டுகளை மெஷினில் விடாமல் பலகைமேல் வைத்துக் கத்தியால் கீறுங்கள். லுங்கி நுனி, துப்பட்டா, தொங்கும் கைப்பட்டை எதுவும் பக்கத்தில் கூடாது. எர்த் கம்பியை ஸ்டாண்டில் கட்டாமல் ஓட்ட வேண்டாம். பழைய பிவிசியில் ஈயம் கலந்த சேர்மானம் உண்டு, அந்த மாவோடு கை கழுவாமல் சாப்பாட்டில் உட்காரக் கூடாது.

இவ்வளவு பாடு எதற்கு, கொளுத்திவிட்டால் போச்சே என்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பிவிசி பிசினின் எடையில் பாதிக்கு மேல், 57 சதவீதம், குளோரின். எரித்தால் ஹைட்ரோகுளோரிக் அமில வாயு வரும், செம்பின் முன்னிலையில் டையாக்ஸின் என்ற நச்சும் உண்டாகும். வியாபாரமாகப் பார்த்தாலும் நஷ்டம்தான். எரிந்த செம்பு கறுத்து முறுகிப் போகும். ஸ்கிராப் உலகம் 'பெர்ரி' என்று தரம் பிரிக்கும் முதல் ரகத்தின் விளக்கத்திலேயே, எரிந்து முறுகிய கம்பி கூடாது என்று இருக்கிறது. எரித்ததைக் கீழ் ரகத்தில்தான் எடுப்பார்கள். மெஷினில் உரித்துப் பளபளவென்று வருவதைத்தான் நம் ஊரில் 'மில்பெர்ரி' என்று கேட்டு வாங்குகிறார்கள். அந்த விளக்கப்படி கம்பி 16 கேஜுக்கு, அதாவது 1.29 மி.மீ.க்கு, மெலியக் கூடாது. கறாராகப் பார்ப்பவரிடம் மெல்லிய இழை வயர்கள் எவ்வளவு பளபளத்தாலும் முதல் ரகத்தில் ஏறாது. ஆகவே கெட்டிக் கம்பியையும் இழை வயரையும் ஒரே மூட்டையில் போடாதீர்கள், மொத்தமும் கீழ் ரக விலைக்குப் போய்விடும்.

உரித்த செம்பில் யாருடைய வயர் என்ற அடையாளம் எதுவும் மிஞ்சாது. அதனால்தான் திருட்டு கேபிள் இந்த மெஷின் இருக்கும் ஷெட்டைத் தேடி வரும். கொடுத்தவரின் அடையாளச் சான்று நகல், பில், எடைச்சீட்டு இல்லாமல் நிலத்தடி கேபிளோ புத்தம்புது சுருளோ வந்தால் தொட வேண்டாம். திருட்டுப் பொருள் என்று தெரிந்து வாங்குவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 317ஆம் பிரிவில் குற்றம்.

கையால் சுற்றும், அல்லது டிரில் மாட்டி ஓட்டும் சின்ன மெஷினைப் பற்றியும் ஒரு வரி: மாதம் ஐம்பது கிலோவுக்குள் பழைய வயர் சேரும் எலக்ட்ரீசியனுக்கு அதுவே போதும். பெஞ்சில் கிளாம்ப் போட்டு இறுக்காவிட்டால் மெஷின்தான் வயரோடு நகரும்.

தோல் மூட்டையையும் சும்மா விட வேண்டாம். பிவிசி தோலை அரைத்துச் செருப்பு அடிப்பாகத்துக்கு எடுக்கிறவர்கள், எக்ஸ்எல்பிஇ கலந்திருந்தால் திருப்பி அனுப்புவார்கள், அது உருகாது. சந்தேகமான தோலை வாளித் தண்ணீரில் போடுங்கள். பிவிசி மூழ்கும், எக்ஸ்எல்பிஇயும் பாலித்தீனும் மிதக்கும். உள்ளே காற்று நின்று பிவிசியும் மிதப்பது உண்டு, அதனால் போடும் முன் துண்டை நசுக்கி, தண்ணீருக்குள் ஒருமுறை அமுக்கி விட்டுப் பாருங்கள்.